செவலையை விற்கமாட்டேன், மாரிமுத்து

மாரிமுத்து,

"அன்புள்ள மகனுக்கு" என்று தொடங்க வேண்டும் என்றுதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்பு உண்டா இல்லையா என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள். உன் பெண்டாட்டியும் கொழும்பில் உன் ஆபீசில் இருக்கிறவர்களும் உன்னைப் பிரதீபன் என்கிறார்கள். எனக்கு அது வாயில் வருவதில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு நான் வைத்த பெயர் மாரிமுத்து. அதைக் கழற்றிப் போட்டது உன்னை வளர்த்தவள். அவளிடம் பிறகு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்குத்தான் இந்தப் பதில். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் எனக்குக் கோபம் ஏறினால் உனக்குச் சிக்னல் இறங்கிவிடுகிறது, என்ன மாயமோ தெரியவில்லை. "ஹலோ, ஹலோ, கேக்கல்லம்மா" என்று வெட்டிவிடுவாய். கடுதாசியை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மறுக்காதே. "திருவிழாவுக்கு வந்து புள்ளைக்கு மொட்ட போடுறோம்மா. ஆனா அதுக்கு முன்னுக்கு அந்த மாட்ட வித்துருங்க. கொட்டில ஒடச்சிக் கழுவி சுண்ணாம்பு அடிச்சிருங்க. மாடு நிக்கிற எடத்துக்கு எம்புள்ளைய கொண்டார மாட்டேன்." மாட்டுக்கு என்ன விலையோ அதையும் நீயே அனுப்புவாயாம். அடேயப்பா! அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பது சும்மா சொன்ன சொல்லா? அதே போனில், மூச்சு விடுவதற்குள், "நெய் முடிஞ்சிருச்சும்மா, ரெண்டு போத்தல் குடுத்து விடுங்க" என்கிறாய். மாடு ஆகாது, நெய் ஆகும். ஆடு பகை, குட்டி உறவு. வெட்கமாயில்லை உனக்கு?

உனக்குப் பிள்ளை வளர்ப்பைப் பற்றி நிறையத் தெரியும். கம்ப்யூட்டரில் பார்க்கிறாய். நான் மூன்று பெற்றவள், மூன்றும் மூன்று மாதிரி ஆனதைப் பார்த்தவள். கேட்டுக்கொள்.

மூத்தவள் உன் அக்கா சரோஜா. அவளைப் பெற்ற சூடு ஆறுவதற்குள் நான் வேலைக்கு இறங்கிவிட்டேன். அவளைப் புள்ளக்காம்பராவில் விட்டேன். அது என்னவென்று உன் பெண்டாட்டிக்கு விளக்கிச் சொல்: கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அறை. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ஆயா. காலையில் ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் சாயங்காலத்துக்குள் எல்லாப் பிள்ளைக்கும் ஒழுகும், ஏனென்றால் எல்லா மூக்கையும் அவள் ஒரே துணியால்தான் துடைப்பாள். அங்கிருந்து தூக்கிவந்தால் நேரே மாட்டுக்கொட்டில். மழைக்கு நான் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போகிற கம்பளியைப் புல்லுக்கட்டின் மேல் விரித்து, அவளை அதில் போட்டுவிட்டுப் பால் கறப்பேன். சாணியைத் தொட்டு வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். இன்றைக்கு அந்தச் சாணி தின்றவள் கூடை நிறையக் கொழுந்தோடு ஏற்றம் ஏறினால் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா, "ஒனக்கு உள்ளுக்க என்ன புள்ள, இஞ்சினா?" என்று கேட்கிறார். நீ உன் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சுப் பம்புக்குப் பாக்கெட்டைத் தடவுகிறாய்.

இரண்டாவது கணேசு. அதே புள்ளக்காம்பரா, அதே கொட்டில், அதே கம்பளி. அவனுக்கும் பத்து மாதம் வரைக்கும் ஒரு குறையுமில்லை. அந்த மழைக்காலத்தில், வரிசைக் காம்பராக்களில் நாங்கள் இருக்கிற லயத்தின் கக்கூஸ் நிரம்பி வழிந்தது. கக்கூஸ் மேட்டில், நாங்கள் குடிக்கிற பீலித் தண்ணீர் பள்ளத்தில். தோட்டம் கட்டிய துரைமாரின் மூளை அப்படி. பிள்ளைக்கு வயிற்றோட்டம் பிடித்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வேண்டும், லொறியோ கொழுந்து ஏற்றப் போயிருந்தது. எடை போட்டு ஏற்றி ஃபேக்டரியில் கொட்டிவிட்டு வரட்டும் என்றார்கள். கொழுந்து பழுதாகக்கூடாதாம். மஸ்கெலியா ரோட்டில் பாதி தூரம் போகிறபோது என் மடியிலேயே அடங்கிவிட்டான். அதனால், அழுக்கு நல்லது என்று உன் அம்மா உளறுகிறாள் என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிக்காதே. அழுக்கு என்ன செய்யும் என்று என் மடிக்குத் தெரியும்.

மூன்றாவது நீ. நீ வயிற்றில் இருந்தபோதே லொறி எங்கே நிற்கிறது என்று தினமும் விசாரிக்கத் தொடங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா யாழ்ப்பாணத்துக்காரி, புருஷன் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர், பிள்ளை கிடையாது. நீ பிறந்து துடக்குக் கழிந்த அன்றைக்கு லயத்து வாசலில் வந்து நின்று, மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு கேட்டாள்: "இந்தப் பிள்ளையையும் உந்த ஊத்தைக்குள்ளை விட்டுச் சாகக் குடுக்கப் போறியோ? என்னட்டைத் தா. நான் வளர்க்கிறன்." உன் அப்பா, அவர் இருந்தவரைக்கும் எந்த விஷயத்திலும் என் முகத்தைத்தான் பார்ப்பார், அன்றைக்கும் பார்த்தார். நான் கொடுத்தேன். இன்னொரு தடவை அந்த லொறிக்குக் காத்து நிற்க எனக்குத் தெம்பில்லை. இதற்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று இத்தனை வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். கேட்கமாட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய் அல்லவா, போ.

மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டுப் பால் கொடுக்க அவர்கள் குவாட்டர்ஸின் பின்வாசலுக்கு ஓடிவருவேன். அங்கே சுடுதண்ணீரும் சவுக்காரமும் தயாராக இருக்கும். "முதல்ல வடிவாக் கழுவு. மாட்டு மணம் பிள்ளைக்கு ஒத்துவராது" என்பாள். தோல் எரிய எரிய நெஞ்சைக் கழுவிக்கொண்டு உனக்குப் பால் கொடுத்தவள் நான். கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாம், டின் பால் மாவு வாங்கியாயிற்று என்றாள். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. உனக்கான பாலைக் கொட்டிலில் நின்று பிழிந்து சாணிக்குள் விட்டேன். நீ கொஞ்சம் வளர்ந்த பிறகு மாட்டுப்பால் கேட்டாள். கேனை மதிலில் வைத்துவிட்டுப் போக வேண்டும், மணி அடித்து நிற்கக்கூடாது. நீ ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் காலுக்கு வெள்ளை மேஸ் போட்டுக்கொண்டு நிற்பாய். உன் கால் மண்ணில் பட்டு நான் பார்த்ததில்லை. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் மட்டும் சிவப்புச் சிவப்பாய்க் கரப்பான். லயத்துப் பிள்ளைகளுக்கு மேலெல்லாம் சேறு, உனக்கு மேலெல்லாம் மருந்து.

பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் உனக்கு இழுப்பு வந்தது. யார் தலையில் விழுந்தது தெரியுமா? "உன்ரை பால் கேனிலை ஒட்டிக்கொண்டு வந்த நோய்தான்" என்று மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைத் திட்டினாள். அன்றிலிருந்து கேனும் நின்றது. ஜன்னல்கள் எல்லாம் அடைபட்டன. அவள் தரையைக் கழுவக் கழுவ நீ இழுத்தாய், நீ இழுக்க இழுக்க அவள் கழுவினாள். அப்புறம் ஒருநாள் கனடாவுக்கு விசா வந்தது அவர்களுக்கு. காகிதத்தில் நீ அவர்கள் பிள்ளை இல்லையே! ஒரு சூட்கேஸும் மூச்சுக்கு இழுக்கிற பம்பும் கையில் கொடுத்து உன்னை லயத்து வாசலில் இறக்கிவிட்டார்கள். அவள் அழுதாள், பொய் சொல்லமாட்டேன். "கடிதம் போடுறன் ராசா" என்றாள். எத்தனை கடிதம் வந்தது என்று உனக்கே தெரியும். நீ எங்கள் காம்பராவுக்குள் வந்து முதன்முதலாகத் திறந்த வாயில் என்ன சொன்னாய்? "இஞ்சை ஆரும் கால் கழுவிப்போட்டு உள்ளுக்கு வாறேல்லையோ?" உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த நேரம் உன் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

போடவில்லை. அதற்குப் பதிலாக உன்னைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். மாட்டுப் பக்கம் போனால் இழுப்பு, அடுப்புப் புகைக்கு இழுப்பு, கவ்வாத்து மலையில் வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சியை எரித்தால் இழுப்பு. பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், இடுப்பில் வைக்கிற வயதா உனக்கு? நீயோ மூச்சு வராத நிலையிலும் என் சேலை நாற்றத்துக்கு முகத்தைத் திருப்புவாய். டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள டாக்டரம்மா இருந்தார். தமிழைத் தட்டித் தடவிப் பேசுவார், ஆனால் மனுஷரைப் பார்த்துப் பேசுவார். உன் மூக்கில் மருந்துப் புகை மூடியை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "அம்மா, இந்த புள்ள சின்னதில எங்க வளந்தது? மத்த புள்ளைக்கு இழுப்பு இல்லயா?" எல்லாவற்றையும் சொன்னேன். பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

உடம்புக்குள்ளே நோயை விரட்டுகிற சக்தி ஒன்று இருக்கிறதாம். பிறந்த புதிதில் அது ஒன்றும் தெரியாத புதுக் கங்காணி மாதிரி. மண், மாடு, பத்துப் பிள்ளைகளின் மூக்குச்சளி எல்லாவற்றோடும் பழகித்தான் யார் திருடன், யார் சும்மா போகிறவன் என்று அது கற்றுக்கொள்ளுமாம். ஆளே காட்டாமல் அறைக்குள் பூட்டி வளர்த்தால், வளர்ந்த பிறகு தூசியைக் கண்டாலும் பூவின் தூளைக் கண்டாலும் திருடன் திருடன் என்று கத்தி ஊரையே எழுப்பும். அந்தக் கூச்சல்தான் உன் இழுப்பு. மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு இது குறைவாக வருகிறது என்று வெளிநாட்டில் படித்தவர்கள் கண்டிருக்கிறார்களாம். "ஆனா நிச்சயம் சொல்ல ஏலாது அம்மா. இன்னும் தேடுறாங்க. அப்பா அம்மா ரத்தத்திலயும் வரும். இவனுக்கு இனி மாட்டுகிட்ட போனா சொகம் ஆகாது, கூடத்தான் செய்யும். அது சின்னதிலயே, கைப்புள்ளயிலயே பழகணும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த அழுக்குதானுங்களே என் நடுப்புள்ளைய கொன்னுச்சு?" என்று கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு, "அதும் உண்ம, அம்மா. ரெண்டும் உண்ம. தண்ணி கொதிக்க வைங்க, ஊசி போடுங்க. ஆனா எல்லாத்தயும் கழுவ வேணாம்" என்றார். எழும்பி வரும்போது இன்னொன்றும் சொன்னார்: "இவனோட புள்ளைக்கும் வரலாம். பாத்துக்கோங்க."

பாரு மாரிமுத்து, அதை நான் மறக்கவில்லை. நீதான் அப்போதே பம்பை இழுத்துக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது உன் வீட்டுக் கதை. உன் பெண்டாட்டி சுகந்திக்கு லீவு முடிந்தது, பிள்ளை பார்க்க வைத்திருந்த பெண் நின்றுவிட்டாள், உடனே ஊத்தைக்காரி அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். செவலையை உன் அக்கா கையில் ஒப்படைத்துவிட்டுக் கொழும்புக்கு வந்தேன். வாசல் படியில் கூட உட்கார விடவில்லை, நேரே குளியலறை. குளித்து வந்ததும், "இன்னொருக்கா தலைக்கு ஊத்திக்கிங்கம்மா" என்றாய். என் சேலைகள் மெஷினுக்குள் போயின. குளிருக்குப் போர்த்திக்கொண்டு வந்த கம்பளியை விரல் நுனியால் பிடித்து, "இத குப்பையில போட்டுருங்க, மாட்டு நாத்தம்" என்றாய். டீச்சரம்மா செத்தா போனாள்? உன் வாய்க்குள்ளே உட்கார்ந்திருந்தாள். "போட்டுர்றேன் ராசா" என்றேன். பைக்குள் கட்டி, நீங்கள் யாரும் கை வைக்காத தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் வைத்தேன். போடுகிற எண்ணம்தான் முதலில் இருந்தது, மாரியம்மன் மேல் ஆணை.

அப்புறம் பிள்ளையைக் கையில் தந்தாய். கன்னத்தில் சிவப்பு. முழங்கை மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன், அங்கேயும் சிவப்பு. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்ற உன் கன்னம் அப்படியே. "சும்மா ரேஷஸ்மா, க்ரீம் பூசுறோம்" என்றாய். மடையா, உனக்கும்தான் பூசினார்கள்.

அடுத்த நாள் நீங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனதும் கம்பளியை எடுத்தேன். பால்கனியில் வெயில் விழுகிற இடத்தில் விரித்து உன் மகளை அதில் போட்டேன். செவலையின் வாசனை, அவள் பாட்டி மாட்டின் வாசனை, சாணி, புல், மழை, உன் அக்காவின் மூத்திரம், கணேசுவின் மூத்திரம் எல்லாம் ஊறிய கம்பளி அது. அவள் காலை உதறி உதறிச் சிரித்தாள், ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள். நான் எடுக்கவில்லை. நான் அங்கே இருந்த அத்தனை நாளும் அப்படித்தான். சாயங்காலம் உங்கள் கார் சத்தம் கேட்டதும் துடைத்து, பவுடர் போட்டு, தொட்டிலில் கிடத்திவிடுவேன். "அம்மா வந்தாப் பொறகு புள்ள நல்லா தூங்குது" என்று சுகந்தி சொன்னாளே, நினைவிருக்கிறதா?

பயமில்லாமல் செய்தேன் என்று நினைக்காதே. தண்ணீரைக் கொதித்தது போதாதென்று மறுபடி மறுபடி கொதிக்க வைத்தேன். அவள் கழிகிற ஒவ்வொரு துணியையும் விரித்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். நீ ஒருநாள் கண்டுவிட்டு, "என்னம்மா இது, அருவருப்பா இல்லயா ஒங்களுக்கு?" என்று முகத்தைச் சுளித்தாய். தண்ணியாய்ப் போகிறதா என்று பார்த்தேனடா. கணேசுவுக்குத் தொடங்கிய மாதிரி தொடங்குகிறதா என்று பார்த்தேன். ஊருக்கு வந்த பிறகும் தினம் போன் பண்ணி, "புள்ளைக்கு வயிறு எப்பிடி?" என்று கேட்டேன். பேத்தி மேல் எவ்வளவு பாசம் பார் என்று சுகந்தியிடம் சொன்னாயாம். பாசமும்தான். ஆனால் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றைத் தின்ற மண்ணை நம்பி இன்னொன்றை அதில் கிடத்துவது என்றால் என்னவென்று நீ கம்ப்யூட்டரில் தேடிப் பார்.

ஆகையால் செவலையை விற்கமாட்டேன். அவள் சினையாய் இருக்கிறாள், திருவிழாவுக்குள் ஈன்றுவிடுவாள். கொட்டிலை உடைக்கமாட்டேன், சுண்ணாம்பும் அடிக்கமாட்டேன். இஷ்டமிருந்தால் பிள்ளையைக் கொண்டுவா, கன்றுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கட்டும். நீ உள்ளே வராதே, உனக்குக் கூடிவிடும், ரோட்டிலேயே நில். வராவிட்டால் கொழும்பிலேயே ஒரு சலூனில் மொட்டை போட்டுக்கொள்ளுங்கள், சுத்தமாயிருக்கும். நெய் இரண்டு போத்தல் லொறிக்காரனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். தின்று தொலை.

கடைசியாக ஒன்று. படிப்புப் படித்த ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்கப் பிடித்ததும் நீ எனக்கு பஸ் டிக்கெட் எடுத்துத் தந்தாய். அதற்கு முதல் நாள் சுகந்தி, "மாமி, தொட்டில் மெத்த ஒறை தையல் விட்டிருக்கு, கொஞ்சம் தச்சுத் தாறீங்களா?" என்று கேட்டாள். தைத்துக் கொடுத்தேன். நல்ல தையல் என்று மெச்சினாள். நான் ஊருக்கு வரும்போது என் பையில் கம்பளி இல்லை. குப்பையிலும் இல்லை. உறைக்கு உள்ளே, பஞ்சுக்கு மேலே, நாற்றம் தெரியாமல் பவுடர் தூவி மடித்து வைத்துத்தான் தைத்தேன். நீ கீழே மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாய், உன் மகள் இத்தனை மாதமாக என் மாட்டுக்கொட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதைப் படித்து முடித்ததும் கத்தரிக்கோலைத் தேடுவாய். தேடு. இந்த மாதம் அவளுக்குப் பத்து மாதம் முடிகிறது, கணேசு போன வயது. நீ இழுக்கத் தொடங்கிய வயதுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. நான் செய்தது மருந்தா விஷமா என்று அந்த டாக்டரம்மாவுக்கே தெரியாது, எனக்கெங்கே தெரியப்போகிறது? கிழிப்பதற்கு முன்னால் ஒன்று செய், மாரிமுத்து. தொட்டிலுக்குக் குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேள். இழுப்பின் விசில் சத்தம் இருக்கிறதா, இல்லையா? கேட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு. அன்றைக்காவது வெட்டாதே.

உன்னைப் பெற்றவள்